படத்தின் அரசியல் வசனத்தில் இல்லை

ஒரு படம் வெளியான மூன்றாம் நாள் நம் டைம்லைனைப் பாருங்கள். ஒரு கூட்டம் நான்கு வசனங்களை எடுத்துப் போட்டு "புரட்சிப் படம்" என்கிறது. இன்னொரு கூட்டம் சுவரில் தொங்கும் படத்துக்கும் நாயகனின் சட்டை நிறத்துக்கும் சிவப்பு வட்டம் போட்டு "குறியீடு" என்கிறது. வசனம் என்பது படம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது. அதை அப்படியே நம்பவேண்டிய கட்டாயம் நமக்கில்லை. கதையில் யாருக்கு எது எப்போது தெரிகிறது, காட்சியை யார் முடித்துவைக்கிறார், நமக்கு எங்கே சிலிர்க்கிறது, கடைசிச் சிக்கல் எதனால் தீர்கிறது... கருத்தியல் இருப்பது இந்த இடங்களில்.

"தேவர் மகன்" (1992) இதற்கு நல்ல பாடம். எழுதியவர் கமல்ஹாசன், இயக்கியவர் பரதன். திரைக்கதைக் கட்டுமானத்தில் இதற்குப் பக்கத்தில் வைக்கத்தக்க தமிழ்ப் படங்கள் சிலவே. நன்றாகக் கட்டிய படத்தைத்தான் பிரித்துப் பார்க்கவும் முடியும். அரைகுறைப் படத்தில் எது நோக்கம், எது விபத்து என்றே தெரியாது.

வசனத்தை மட்டும் எடுத்தால் இது வன்முறைக்கு எதிரான படம். புள்ளகுட்டிகளைப் படிக்க வையுங்கடா என்கிறான் நாயகன். தானே சரணடைந்து சிறைக்குப் போகிறான். இப்போது வசனத்தைத் தள்ளிவைத்துவிட்டு நடப்பதை மட்டும் வரிசையாக எழுதுங்கள். லண்டனில் படித்த சக்திவேல், வேற்றுமொழிக் காதலியோடு, வெளியூரில் உணவகம் நடத்தும் எண்ணத்தோடு ஊருக்கு வருகிறான். படம் முடியும்போது காதலி இல்லை, உணவகம் இல்லை, வெளியூர் வாழ்க்கையும் இல்லை. ஒவ்வொன்றும் கைவிட்டுப் போகும்போது படம் அவனை ஒரு படி மேலே ஏற்றுகிறது. தகப்பன் இறந்தபின் நீள முடி போய், மீசையும் வெள்ளை வேட்டியுமாக அவன் வந்து நிற்கும் காட்சி விசிலுக்காகவே கட்டப்பட்டது. இழப்பை வெற்றியாக உணரவைக்கிற வேலையை இங்கே உடையும் ஒளியும் இசையும் பார்த்துக்கொள்கின்றன. வசனம் எதுவும் தேவைப்படவில்லை.

உச்சக்கட்டத்தில் வில்லன் மாயன் சாகிறான். கொலை நாயகனின் கையால் நடக்கிறது. ஆனால் அவன் அதை விரும்பவில்லை என்று காட்டப் படம் படாதபாடு படுகிறது. பார்ப்பவருக்கு இரண்டும் கிடைத்துவிடுகிறது: வெட்டிய நிறைவும் கிடைக்கிறது, வெட்டாதே என்ற அறமும் கிடைக்கிறது. வசனமும் வடிவமும் எதிரெதிராக இழுக்கும்போது மனத்தில் தங்குவது வடிவம்தான்.

இந்த இடத்தில் செய்யவேண்டிய பயிற்சி ஒன்று உண்டு. கதையை ஐந்து வாக்கியத்தில் எழுதுங்கள். பிறகு துணைப் பாத்திரம் ஒன்றை எழுவாயாக வைத்து அதே கதையை இன்னொரு ஐந்து வாக்கியத்தில் எழுதுங்கள். வடிவேலு நடித்த இசக்கியை எடுத்துக்கொண்டால்: சின்ன ஐயா சொன்னார் என்று கோயில் பூட்டைத் திறந்தான்; அதற்காக அவன் கை வெட்டப்பட்டது; அதன்பிறகும் அந்த வீட்டுக்கே விசுவாசமாக இருந்தான். நான்காவது வாக்கியத்துக்கு விஷயம் கிடைக்காது. பூட்டைத் திறக்கச் சொன்னவனுக்கு வம்சக் கதை; திறந்தவனுக்குக் கிடைத்தது ஒரு கையிழப்பு. யாருக்கு வாக்கியம் தீர்ந்துபோகிறதோ அவரைப் படம் எப்படி நினைக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்தது காட்சித்தாள், அதாவது காட்சிக்கு ஒரு வரி என்று படத்தைக் குறித்துவைக்கும் தாள். இரண்டரை மணி நேரப் படத்தில் எழுபது எண்பது காட்சி வரலாம். முதல் முறை பார்க்கும்போது எதையும் குறிக்காதீர்கள். எங்கே சிலிர்த்தது, எங்கே கண் கலங்கியது என்பதை மட்டும் முடிந்தவுடன் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அந்த முதல் உணர்ச்சி இரண்டாம் முறை திரும்பாது. இரண்டாம் முறை ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு வரி: யார் இருக்கிறார்கள், முடிவெடுப்பவர் யார், பார்வையாளருக்குத் தெரிந்து பாத்திரத்துக்குத் தெரியாதது எது, கடைசி ஷாட் யார் முகத்தில் நிற்கிறது. இடைவேளைக்கு முன்னும் பின்னும் பத்து நிமிடங்களை ஒலியை அணைத்துப் பாருங்கள். பின்னணி இசை போன பிறகும் ஒருவர் உயரமாகத் தெரிந்தால் அவரை உயர்த்தியிருப்பது கேமரா.

தாளில் ஆகப் பயன்படுவது "யாருக்குத் தெரியும்" என்ற நெடுவரிசைதான். "பரியேறும் பெருமாள்" (2018) முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. சாதிக் கௌரவத்துக்காகக் கொல்லும் கிழவர் ஒருவர் அதில் வருகிறார். அவர் செய்யும் கொலைகள் ஊர்க்கண்ணுக்கு விபத்தாகவும் தற்கொலையாகவும் தெரியும், போலீஸுக்கும் அப்படித்தான். நாயகன் பரியனுக்கே கடைசிவரை தெரியாது. நமக்குத் தெரியும். அதாவது அந்தச் சாவுகளுக்கு உள்ள ஒரே சாட்சி தியேட்டரில் உட்கார்ந்திருப்பவர். கௌரவக் கொலையைக் கண்டித்துப் பத்து வசனம் எழுதியிருந்தாலும் இந்தச் சுமையை நம் தலையில் ஏற்றியிருக்க முடியாது.

அதே படத்தில் கல்யாண மண்டபத்து அறையில் பரியனை, அவனோடு படிக்கும் ஜோவின் உறவினர்கள் அடித்து அவமானப்படுத்தியது ஜோவுக்குத் தெரிவதில்லை. தெரிந்திருந்தால் படம் அந்த நிமிடமே காதல் கதையாகிவிடும்: மகளுக்கும் அப்பாவுக்கும் சண்டை, ஓடிப்போதல், துரத்தல். தெரியாமல் வைத்ததால் கேள்வி பரியனிடமிருந்து அந்த அப்பாவை நோக்கி நேராகப் போகிறது. பதில் வராமலே படம் முடிகிறது. இதற்கு ஒரு விலையும் இருக்கிறது. ஜோ ஒன்றுமறியாக் குழந்தையாகவே நிற்கிறாள். சாதி என்ற ஒன்று வீட்டுக்குள் இருப்பதே தெரியாமல் சட்டக் கல்லூரிக்கு வந்தவள் போல. ஆணின் வலியைக் கூர்மையாக்கப் பெண்ணின் அறிவைக் குறைக்கும் பழைய பழக்கம் இந்த நல்ல படத்திலும் இருக்கிறது. அதைச் சொல்வதால் படம் சின்னதாகிவிடாது.

வசனமே எல்லாமாக இருந்த படம் இல்லையா என்று கேட்பீர்கள். "பராசக்தி" (1952). கலைஞரின் வசனம், கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம். அங்கே நீதிமன்றக் காட்சியில் கேமரா பொதுக்கூட்டத்தின் முன்வரிசையில் இடம் பிடித்தவரைப் போல உட்கார்ந்து நாயகன் குணசேகரனைக் கேட்கிறது. பேச்சுதான் அங்கே திரைநுட்பம். ஆனால் அந்தப் படத்தையும் முடிவுச் சோதனைக்கு, அதாவது கடைசிச் சிக்கல் எதனால் தீர்கிறது என்ற கேள்விக்கு, உட்படுத்துங்கள். அவன் தங்கை கல்யாணி பிள்ளையை ஆற்றில் வீசியதற்குக் காரணம் அவளல்ல, அவளை ஓட ஓட விரட்டிய சமூகம் என்பது வாதம். கதையோ பிள்ளையைக் குணசேகரனின் காதலி விமலாவின் படகில் விழவைத்துக் காப்பாற்றிவிடுகிறது. பிள்ளை இறந்திருந்தும் அந்த நீதிமன்றம் அவளை விடுவித்திருக்குமா? வாதத்துக்கு அந்தக் கடைசிப் பரீட்சை வைக்கப்படவே இல்லை. குடும்பம் ஒன்றுசேர்ந்து அனாதை விடுதி தொடங்குவதோடு படம் நிறைகிறது. பேச்சு அமைப்பையே கேள்வி கேட்கிறது, கதை தற்செயலிலும் தர்மகாரியத்திலும் போய் முடிகிறது. அந்தக் காலச் சீர்திருத்த அரசியலின் வேகம், எல்லை இரண்டையும் இந்த இடைவெளியில் பார்க்கலாம்.

நுட்பத்துக்குத் தனியாகச் சாதியோ கட்சியோ கிடையாது. இரண்டு இடங்களை மாற்றி மாற்றிக் காட்டும் இணைவெட்டை 1915இல் "தி பர்த் ஆஃப் எ நேஷன்" படத்தில் கிரிஃபித் பயன்படுத்தினார். குடிசைக்குள் சிக்கிய வெள்ளையர்கள் ஒருபக்கம், காப்பாற்றக் குதிரையில் விரையும் வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளான் மறுபக்கம். சீக்கிரம் வந்து சேரமாட்டார்களா என்று நம்மையே தவிக்கவைப்பதுதான் அந்தப் படத்தின் விஷம். "காலா"வின் கடைசிப் பகுதியில் அதே கருவி: வில்லன் ஹரிதாதா வீட்டில் ராமாயண வாசிப்பு, மறுபக்கம் தாராவியில் தீ. இங்கே நம் தவிப்பு ராவணனாக நிற்கும் காலாவின் பக்கம். ஆகவே "இணைவெட்டு உத்தி சிறப்பு" என்று எழுதுவதில் ஒன்றுமில்லை. தவிப்பு யாருக்காக என்று எழுதவேண்டும்.

விமர்சனம் எழுதுபவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் சில உண்டு. வில்லன் சொன்னதை இயக்குநர் சொன்னதாக எடுத்துக்கொள்வது முதலாவது. இயக்குநரின் பேட்டியை ஆதாரமாக வைப்பது இன்னொன்று. பேட்டி அவர் ஆசைப்பட்டதைத்தான் சொல்லும். குறியீட்டு வேட்டை பற்றி முன்பே சொல்லிவிட்டேன்: ஒரு நிறமோ பொருளோ குறைந்தது மூன்று இடத்தில் வந்து, ஒவ்வொரு முறையும் கதை நகர்ந்தால் மட்டுமே அதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். "மாமன்ன"னில் நாற்காலி அப்படி வருகிறது. எம்.எல்.ஏ.வாக இருந்தும் உட்கார முடியாதவர், மகன் உட்காரச் சொல்லும் இடம், கடைசியில் சபாநாயகர் இருக்கை. அது குறியீடு.

அந்தப் படத்துக்கு (2023) நேர்ந்ததுதான் இந்தப் பேச்சின் சிக்கலான பகுதி. தேவர் மகனின் இசக்கிக்கு இயக்குநர் மாரி செல்வராஜ் கொடுத்த பதில் என்றே அறியப்பட்ட படம். நடித்தவரும் அதே வடிவேலு. ஆனால் இணையத்தில் சாதிப் பெருமைப் பாட்டோடு சுற்றியது ஃபஹத் ஃபாசில் நடித்த வில்லன் ரத்தினவேலு. இயக்குநரைத் திட்டியும், ரசித்தவர்களைத் திட்டியும் ஆயிரம் பதிவுகள் வந்தன. காட்சித்தாளைப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு. போட்டால் தெரியும்: கதையை நகர்த்தும் முடிவுகளில் பெரும்பகுதி ரத்தினவேலு எடுப்பவை. தனிமையும் தோல்வியின் எரிச்சலும் அவனுக்குத் தனிக்காட்சிகளாகக் கிடைக்கின்றன. பந்தயத்தில் தோற்ற நாயை அவன் அடித்துக் கொல்வது வெறுக்கவைக்க எழுதியது. அதிலும் கேமரா அவன் முகத்தை விட்டு விலகுவதில்லை. எதிர்ப்பக்கத்தில் மாமன்னனின் மகன் அதிவீரன் பெரும்பாலும் நடந்ததற்கு எதிர்வினை மட்டுமே செய்கிறான்.

முழுப் படத்தில் ரத்தினவேலு தோற்கிறான். முப்பது நொடித் துண்டில் அவன் தோற்பதில்லை. தோல்வி வேறு ரீலில் இருக்கிறது. அதனால் தாளில் இன்னொரு நெடுவரிசை சேர்க்கவேண்டிய காலம் வந்துவிட்டது: இந்தக் காட்சியை முன்னும் பின்னும் இல்லாமல் தனியாக வெட்டி எடுத்தால் யார் பக்கம் நிற்கும்? படம் பார்ப்பவர்களைவிட படத்தை எழுதுபவர்கள் இந்த நெடுவரிசையை முதலில் நிரப்பினால் நல்லது, அதுவும் படப்பிடிப்புக்கு முன்பே.