தனியாகப் போனால் இரட்டை வாடகையா?

கொழும்புக் கோட்டை நிலையத்தில் ரயில் ஏறி, வலப்பக்க ஜன்னல் பிடித்துவிட்டால் காலி நகரம் வரைக்கும் பெரும்பாலும் கடல் கூடவே வரும். தண்டவாளத்துக்கும் அலைக்கும் நடுவே சில இடங்களில் நாலு பாறைதான். அந்தப் பயணத்தில் எந்தக் குறையும் இல்லை.

இறங்கிய பிறகுதான் எரிச்சல். உனவட்டுன, வெலிகம, மிரிஸ்ஸ என்று காலியைத் தாண்டிய கடற்கரை ஊர்களில் எங்கே அறை கேட்டாலும் முதல் கேள்வி, "ஒருத்தரா?" ஆமாம் என்றால் இரண்டு பேருக்கான வாடகையைத்தான் சொல்கிறார்கள். சரி, கட்டிலில் இரண்டு தலையணை, இரண்டு துண்டு. காலைச் சாப்பாட்டில் மட்டும் கணக்காக ஒரு தட்டு! இடியாப்பமும் பொல் சம்பல் என்கிற தேங்காய்ச் சம்பலும் பிரமாதம், அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் இரண்டு பேர் காசு வாங்கிவிட்டு இன்னும் இரண்டு இடியாப்பம் கேட்டால் தனிக் கட்டணமாம்.

அப்புறம் கடலில் இறங்கலாம் என்றால் பாஸ்போர்ட், பணம், போன் எல்லாம் ஒரே பையில். யாரிடம் கொடுப்பது? மூன்று நாளும் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றபடி, கரையில் இருந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னதாகப் பூட்டுப் பெட்டி நாலு வைத்தால் என்ன? காசு கொடுத்தே வைத்திருப்பேன்.