அந்தப் போனைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

மூத்த மேஜிக் கலைஞர் ஒருவர் தன் தொழிலைப் பற்றிப் பேச வந்திருக்கிறார். அரங்கில் எங்கு பார்த்தாலும் தூக்கிப் பிடித்த போன்கள். அவர் கையையே நான் முன்வரிசைக்காரரின் திரையில்தான் பார்க்க வேண்டியிருந்தது. படம் எடுக்க வேண்டாம் என்று அவர் ஆரம்பத்திலேயே கேட்டுக்கொண்டார். கேட்டால்தானே!

பேசியதெல்லாம் அவ்வளவு அருமையான விஷயம். 1956இல் லண்டனில் நம் நாட்டு மேஜிக் கலைஞர் பி.சி. சர்க்கார் பிபிசி தொலைக்காட்சியின் பனோரமா நிகழ்ச்சியில் ஒரு பெண்ணை ரம்பத்தால் அறுத்துக் காட்டினார். அவள் எழுந்து நிற்பதற்குள் நிகழ்ச்சி முடிந்துவிட்டது. நிஜமாகவே செத்துப்போய்விட்டாளோ என்று பதறிய ஜனங்கள் பிபிசிக்குப் போன் மேல் போன் போட்டார்கள். இதை அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் குறுக்கிட்டு, "இந்த ட்ரிக் யூடியூப்லயே இருக்கு சார்" என்கிறார். அவ்வளவு கோபம் வந்தது எனக்கு.

மேஜிக்கில் கலைஞர் எங்கே பார்க்கிறாரோ, அங்கேதான் நம் கண்ணும் போகும். அவர் வலது கையைப் பார்த்துப் பேசுவார். அதற்குள் இடது கை வேலையை முடித்துவிடும். இது வருஷக்கணக்கில் கண்ணாடி முன் நின்று பழகி வருவது. அதை ரீல்ஸாக வெட்டி "ரகசியம் இதுதான்" என்று போட்டுவிட்டால், பள்ளிக்கூடத்திலும் பிறந்தநாள் விழாவிலும் அதே வித்தையைக் காட்டிப் பிழைப்பவர்கள் எங்கே போவார்கள்?

சரி, பார்வையாளர்களை விடுங்கள். நடத்தியவர்களாவது எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர்களும் படம்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.