பிஸ்கட் புட்டிங்: தேங்காய் எண்ணெயால் கலோரி குறையாது

பாலில் நனைத்த மாரி பிஸ்கட்டையும், வெண்ணெயும் ஐசிங் சீனியும் (பொடித்த சீனி) அடித்த கலவையையும் அடுக்கடுக்காக வைத்துச் செய்யும் இனிப்புதான் பிஸ்கட் புட்டிங். அதில் வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெயும், ஐசிங் சீனிக்குப் பதில் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்தால் கலோரி பாதியாகும் என்று சிலர் எழுதுகிறார்கள். நோக்கம் நல்லதுதான், கணக்குதான் தப்பு. வெண்ணெயில் கொழுப்பு சுமார் 80 சதவீதம், மீதி பெரும்பாலும் தண்ணீர். தேங்காய் எண்ணெய் முழுக்கவே கொழுப்பு. 100 கிராம் வெண்ணெயில் ஏறக்குறைய 720 கலோரி என்றால், அதே அளவு எண்ணெயில் 860க்கு மேல். நிறைவுற்ற கொழுப்பும் எண்ணெயில்தான் அதிகம். நாட்டுச் சர்க்கரைக்கும் சீனிக்கும் கலோரியில் பெரிய வித்தியாசம் கிடையாது. நிறமும் மணமும்தான் வேறு.

உண்மையாகவே குறைக்க வேண்டுமா? வெண்ணெய்க் கலவையை விட்டுவிட்டு, தயிரைத் துணியில் கட்டி ஓர் இரவு ஃபிரிட்ஜில் வடியவிடுங்கள். அதில் கோகோவும் கொஞ்சமாகச் சீனியும் அடித்துச் சேர்க்கலாம். லேசான புளிப்பு இருக்கும், என் வீட்டில் யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் சீனி சேர்ந்ததும் தயிர் இளகும். அதனால் மாரி பிஸ்கட்டைப் பாலில் ஊறவிடாமல் சட்டென்று நனைத்து எடுத்து அடுக்குங்கள், இல்லையென்றால் மறுநாள் கூழாகிவிடும். அப்புறம், வெண்ணெய் போட்டது போல வெட்டினால் நிற்காது. கண்ணாடிக் கிண்ணத்தில் அடுக்கிக் கரண்டியால் சாப்பிட வேண்டியதுதான்.