வானம் தெரியாத மைதானம் எனக்கு வேண்டாம்

நேற்று நான் பகிர்ந்த பழைய படத்துக்குக் கீழே என்ன நடந்தது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பார்க்காதவர்கள் தேடிப்போக வேண்டாம். படத்தில் இருப்பது என் அப்பா. 2010 மே மாதம், மின்னியாபொலிஸில் ட்வின்ஸ் பேஸ்பால் அணியின் கூரையில்லாத புது மைதானமான டார்கெட் ஃபீல்டுக்கு நாங்கள் முதன்முதலாகப் போன அன்று எடுத்தது. தலையில் குரங்குக் குல்லா, மேலே என்னுடைய ட்வின்ஸ் ஜாக்கெட், தோளில் மழைத்துளி, முகமெல்லாம் சிரிப்பு. அதற்கு இங்கே எல்லோருக்கும் தெரிந்த ஓர் அண்ணன் எழுதுகிறார்: "மின்னசோட்டா குளிர்ல கூரைகூட இல்லாம ஒரு ஸ்டேடியம், அதுல பெரியவரை நனைய வெச்சு ஒரு போட்டோ. வெள்ளைக்காரன் ஆட்டத்துக்கு இவ்ளோ பில்டப்பா?" அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். போட்டவர்களில் பாதிப்பேர் என் வீட்டில் சாப்பிட்டவர்கள்.

சரி அண்ணே. கூரையைப் பற்றி முதலில் பேசுவோம்.

பேஸ்பால் திறந்த வெளியில் ஆட வேண்டிய ஆட்டம். பந்து உயரே எழும்பும்போது அதற்குப் பின்னால் வானம் இருக்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தூரத்தில் நிற்கும் அவுட்ஃபீல்டர் பார்த்துக்கொள்ள வேண்டும். வெயில் கண்ணில் விழும், மழை வரும், கை விறைக்கும். இதெல்லாம் ஆட்டத்துக்கு இடைஞ்சல் இல்லை. இதுவும் சேர்ந்ததுதான் ஆட்டம்.

ட்வின்ஸின் பழைய, கூரை போட்ட மைதானமான மெட்ரோடோமில் உட்கார்ந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். ட்வின்ஸ் அணி 1961 முதல் 1981 வரை பக்கத்து ஊரான ப்ளூமிங்டனில் வெட்டவெளியில் ஆடியது. 1982 முதல் 2009 வரை, 28 சீசன், மெட்ரோடோமுக்குள் ஆடியது. அந்தக் கூரை ஒரு துணி. டெஃப்லான் பூசிய ஃபைபர் கிளாஸ் துணி. உள்ளே ராட்சத விசிறிகள் காற்றை ஊதிக்கொண்டே இருந்தால்தான் அது மேலே நிற்கும். அந்தக் காற்று வெளியே போய்விடக் கூடாது என்றுதான் சுழலும் கதவுகள். ஆட்டம் முடிந்து சாதாரணக் கதவு வழியாக வெளியே வந்தால் காற்று முதுகைப் பிடித்துத் தள்ளும். கூரையின் நிறமும் பந்தின் நிறமும் ஏறக்குறைய ஒன்று, உயரே போன பந்தைத் தொலைத்துவிட்டுக் கையை விரித்துக்கொண்டு நின்ற ஃபீல்டர்கள் எத்தனையோ பேர். 1984 மே 4 அன்று ஓக்லண்ட் அணியின் டேவ் கிங்மேன் அடித்த பந்து கூரையில் இருந்த ஓட்டைக்குள் போய் அப்படியே தங்கிவிட்டது. கீழே வரவே இல்லை. ஓடிச் சேர வேண்டிய நான்கு பேஸில் இரண்டை அவருக்குக் கொடுத்து அனுப்பினார்கள்.

இருக்கைகளும் அமெரிக்க ஃபுட்பாலையும் மனதில் வைத்துப் போட்டவை. ஓரத்துப் பகுதிகளில் உட்கார்ந்தால் உடம்பு ஒரு திசை, பேட்டர் நிற்பது வேறு திசை. ஆட்டம் முழுக்கக் கழுத்தைத் திருப்பியே பார்க்க வேண்டும். ஜூலையில் இங்கே ராத்திரி ஒன்பது மணி வரை வெளிச்சம். அந்த வெளிச்சத்தை வெளியே விட்டுவிட்டு, கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கிற மாதிரி உள்ளே உட்கார்ந்திருப்போம். வருஷத்தில் பாதியைப் பனியில் அடைந்து கழித்துவிட்டு, கோடை வந்ததும் மறுபடி ஒரு கூரைக்குள்ளா போய் அடைந்துகொள்வது?

"அந்தக் கூரைக்குக் கீழேதானே 1987, 1991 இரண்டு வேர்ல்ட் சீரிஸும், அதாவது சீசன் முடிவில் வரும் பட்டத் தொடரும், ஜெயித்தார்கள்?" என்பீர்கள். ஆமாம். இரண்டு முறையும் சொந்த மைதானத்தில் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. 1991 ஏழாவது ஆட்டத்தில் ட்வின்ஸின் ஜாக் மோரிஸ் வழக்கமான ஒன்பதைத் தாண்டிப் பத்து இன்னிங்ஸும் தானே பந்து வீசி 1-0 என்று முடித்தது அங்கேதான். 2009 அக்டோபரில் டெட்ராய்ட் அணியை 12 இன்னிங்ஸில் 6-5 என்று ஜெயித்தபோது நானே உள்ளே இருந்தேன், தொண்டை கட்டிக்கொண்டது. அதை யார் மறுத்தது? ஆடினவர்கள் பெரியவர்கள். கூரைக்கு அதில் பங்கு கொடுக்க நான் தயாராக இல்லை.

இப்போது அந்த முதல் நாளைச் சொல்கிறேன். ஃபோர்ட் ஸ்னெல்லிங்கில் காரை விட்டுவிட்டு ரயில் ஏறினோம். ரயில் மைதானத்தின் வாசலிலேயே கொண்டுவிடுகிறது. அப்பா இறங்கியதும் முதலில் பார்த்தது சுவரை. மஞ்சள் தேன் நிறத்தில் சுண்ணாம்புக்கல், இதே மாநிலத்தின் மன்கேட்டோ பக்கத்துக் குவாரியிலிருந்து வந்தது. போய்க் கையை வைத்துத் தடவினார். அவர் பொதுப்பணித் துறையில் இருந்தவர். "ஒட்டுன கல்லா இருந்தாலும் நல்ல கல்லுடா" என்றார். நுழைவாயில்களுக்கு அணியின் பெரிய ஆட்டக்காரர்களின் எண்களையே வைத்திருக்கிறார்கள். 34 யார் என்று கேட்டார். கர்பி பக்கெட் என்றேன். சிகாகோவில் ஏழைகளுக்கான அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர், 1991 ஆறாவது ஆட்டத்தில் 11வது இன்னிங்ஸில் ஹோம் ரன், அதாவது பந்தைச் சுவருக்கு அப்பால், அடித்து அணியைக் காப்பாற்றியவர் என்று கதை சொல்லிக்கொண்டே சிலையைக் காட்டினேன். பழைய ப்ளூமிங்டன் மைதானத்தின் கொடிக்கம்பத்தையே தேடிக் கொண்டுவந்து நட்டிருப்பதையும் காட்டினேன்.

உள்ளே போய் இருக்கையைக் கண்டுபிடித்து நிமிர்ந்தால், அவுட்ஃபீல்டுக்கு அந்தப் பக்கம் ஊரின் கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. உண்மையான புல். தண்ணீர் தெளித்த மண் வாசனை நாங்கள் இருந்த மேல் வரிசை வரைக்கும் வந்தது. அப்பா கொஞ்ச நேரம் ஆட்டத்தையே பார்க்கவில்லை. மேகத்தைப் பார்த்தார். "தெக்கால கருக்குது, தூறும்" என்றார். தூறியது. ஆட்டம் நிற்கவில்லை, நாங்களும் எழவில்லை. விளக்கு வெளிச்சத்தில் சாய்ந்து விழும் தூறலுக்கு நடுவே நம் ஆள் ஒருவன் அடித்த பந்து எழும்பிப் போய்ச் சுவரைத் தாண்டியது. சென்டர் ஃபீல்டில் இருக்கும் பெரிய பலகையில் அணியின் சின்னமான மினி, பால் என்ற இரண்டு ஆட்டக்காரர்கள் ஆற்றுக்கு மேலே கை குலுக்கினார்கள். ஆற்றின் இரண்டு பக்க இரட்டை நகரங்களான மின்னியாபொலிஸ் ஒருவர், செயின்ட் பால் ஒருவர். அப்பா பக்கத்து இருக்கைக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு வார்த்தை ஆங்கிலம் பேசவில்லை.

அவரை யாரும் நனைய வைக்கவில்லை அண்ணே. மேலே கூரையடியில் போய் நின்றுகொள்ளலாம் என்று நான்தான் கூப்பிட்டேன். வர மாட்டேன் என்றார்.

ஏன் என்று எனக்குத் தெரியும். 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் டையில் முடித்த டெஸ்டின் கடைசி நாளை காலரியில் உட்கார்ந்து பார்த்தவர் அவர். டீன் ஜோன்ஸ் அந்த வெக்கையில் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன டெஸ்ட். கிரெக் மாத்யூஸ் அந்த வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பந்து வீசி மனிந்தர் சிங்கை எல்பிடபிள்யூ எடுத்து முடித்த டெஸ்ட். அந்த டெஸ்டைப் பற்றிப் பேசுகிற யாராவது வெயிலை விட்டுவிட்டுப் பேசியிருக்கிறார்களா? சேப்பாக்கத்துக்குக் கூரை போட்டு ஏசி வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஒருவராவது சொன்னதுண்டா? அங்கே வெயில் வீரம், இங்கே குளிர் மட்டும் முட்டாள்தனமா?

குளிர் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஏப்ரல் கொடுமைதான். 2018 ஏப்ரலில் பனிப்புயல் அடித்து அடுத்தடுத்து ஆட்டங்கள் தள்ளிப்போயின. தள்ளிப்போனால் போகட்டும், இன்னொரு நாள் ஆடினார்கள். நீங்கள் கேட்ட கூரையின் கதி என்ன ஆனது? 2010 டிசம்பர் 12, பனிப்பாரம் தாங்காமல் மெட்ரோடோம் கூரை கிழிந்து உள்ளே பனி கொட்டிய காட்சியை ஊரே டிவியில் பார்த்தது. அங்கே ஆடவிருந்த வைக்கிங்ஸ் ஃபுட்பால் அணியின் ஆட்டத்தை டெட்ராய்ட்டுக்குக் கொண்டுபோய் ஆடினார்கள்.

டார்கெட் ஃபீல்டை மக்கள் வரிப்பணத்தில் கட்டலாமா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். மின்னியாபொலிஸ் இருக்கும் ஹென்னப்பின் கவுண்டியில் அதற்காக 0.15 சதவீத விற்பனை வரி போட்டார்கள், வாக்கெடுப்பு வைக்காமலே. நியாயமான கேள்வி, மக்களைக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் அதை என் அப்பா படத்துக்குக் கீழே வந்து கேட்க வேண்டுமா?

அண்ணன் எழுதிய அந்த இரண்டாவது வரிதான் என்னைத் தூங்க விடவில்லை. வெள்ளைக்காரன் ஆட்டமாம். வாசலில் சிலையாக நிற்கும் பக்கெட் கறுப்பர். ட்வின்ஸின் இன்னொரு பெரிய ஆட்டக்காரர் ராட் கேரூ பனாமாக்காரர். டோனி ஒலிவா கியூபாவிலிருந்து வந்தவர். நான் டோமில் பார்த்து வியந்த யோஹான் சந்தானா வெனிசுவேலாக்காரர். கறுப்பர்களை ஒதுக்கிவைத்திருந்த பெரிய லீக்குக்குள் நுழைய ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பர் 1947இல் என்னென்ன வசவை வாங்கிக்கொண்டார் என்று படித்துவிட்டுப் பேசுங்கள். சனிக்கிழமைதோறும் நாம் ஆடுகிறோமே கிரிக்கெட், அது மட்டும் மயிலாப்பூரில் பிறந்ததா? நானும் உங்களோடுதான் ஆடுகிறேன். ஒன்றை நேசித்தால் இன்னொன்றுக்குத் துரோகம் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

2023 அக்டோபர் 3, டொராண்டோவை 3-1 என்று ஜெயித்தோம். 2004க்குப் பிறகு பிளேஆஃபில், அதாவது சீசன் முடிந்து நடக்கும் பட்டச் சுற்றில், தொடர்ந்து 18 தோல்வி, அதற்கப்புறம் முதல் வெற்றி. நம் ராய்ஸ் லூயிஸ் இரண்டு ஹோம் ரன். அன்று முன்பின் தெரியாதவர்கள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். எந்த ஊர் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் "உனக்கெதுக்குடா இந்த ஆட்டம்" என்று என்னைக் கேட்டது எல்லாமே நம் ஆட்கள்தான். அப்பா அன்று இல்லை. இருந்திருந்தால் கூட்டிப் போயிருப்பேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் நம் ஆட்கள் கூடியிருந்த ஒரு விருந்தில், பேஸ்பால் மாதிரியான சாஃப்ட்பால் பயிற்சி முடித்து அழுக்குச் சட்டையோடு வந்த என் மகளைப் பார்த்து, "பரதநாட்டியம் கத்துக்கிற வயசுல இது எதுக்கு?" என்று ஒருவர் நாலு பேர் முன்னால் கேட்டிருக்கிறார். அவள் கார் ஏறும்வரை ஒன்றும் பேசவில்லை, வீட்டுக்கு வந்துதான் சொன்னாள். அதைக் கேட்டவரும் நேற்று அந்தச் சிரிப்பு வரிசையில் இருந்தார். என்னைக் கேளுங்கள், என் பதிவுக்குக் கீழே என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள், உட்கார்ந்து பதில் சொல்கிறேன். குழந்தையிடம் போகாதீர்கள்.