150 ரூபாய்க்கு நான் அழித்த லினக்ஸ்

தருமபுரி பேருந்து நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி ஜெராக்ஸ், டி.டி.பி., ஆன்லைன் விண்ணப்பம் என்று ஒரு சிறு கடையைப் பதினேழு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். 2011-இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, அவற்றில் விண்டோஸோடு, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் என்னும் லினக்ஸ் இயங்குதளமும் சேர்ந்தே வந்தது. இயக்கியவுடன் எதற்குள் போக வேண்டும் என்று கேட்கும் கறுப்புத் திரையைப் பார்த்து மிரண்டு, பென்னாகரத்திலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் பிள்ளைகள் என் கடைக்கு வருவார்கள். "அண்ணா, அந்த பாஸை எடுத்துட்டு விண்டோஸ் மட்டும் போட்டுக் குடுங்க" என்பார்கள். ஒரு கணினிக்கு 150 ரூபாய் வாங்கிக்கொண்டு அழித்துக் கொடுத்தேன். எத்தனை கணினிகள் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. அழிப்பதற்கு முன் அதற்குள் என்ன இருக்கிறது என்று அந்தப் பிள்ளைகளும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை.

இன்று அதே கடையின் இரண்டு கணினிகளில் ஓடுவது லினக்ஸின் இன்னொரு வகையான லினக்ஸ் மின்ட். கொள்கைப் பிடிப்பால் மாறினேன் என்று சொன்னால் அது பொய். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது; விண்டோஸ் 11-க்கோ டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலியும் வேண்டும். என்னிடம் இருப்பவை ஆறாம் தலைமுறை ஐ3. காலை ஒன்பது மணி முதல் இரவு ஒன்பது மணி வரை குறையில்லாமல் உழைக்கும் கணினிகளைப் பழைய இரும்புக்குப் போடச் சொன்னால் யாருக்குத்தான் மனம் வரும்? ஒரு எஸ்.எஸ்.டி. வட்டை மாட்டி, மின்ட் நிறுவியதோடு வேலை முடிந்தது.

மாறிய பிறகுதான், நாம் இதை இத்தனை காலம் ஒதுக்கியதற்கு 'இலவசம்' என்ற சொல்லும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றியது. அமெரிக்க நிரலாளர் ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-இல் குனு என்னும் கட்டற்ற இயங்குதளத் திட்டத்தை அறிவித்துத் தொடங்கிய இயக்கத்தின் அக்கறை விலையைப் பற்றியதல்ல. எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி இயங்குகிறது என்று பார்த்து மாற்றலாம், நகலெடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம் என்ற நான்கு உரிமைகளைத்தான் அந்த இயக்கம் இன்றுவரை வலியுறுத்துகிறது. ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் இலவசத்தையும் விடுதலையையும் குறிப்பதால் அங்கே குழப்பம் வந்தது. நமக்குக் 'கட்டற்ற மென்பொருள்' என்ற தெளிவான சொல் இருந்தும், கடைத்தெருவில் அது சும்மா கிடைப்பது, ஆகவே மட்டமானது என்றே பெயர் வாங்கியது. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்நாளில் நான் போட்டுக் கொடுத்த விண்டோஸில் பெரும்பாலானவை உரிமம் இல்லாத திருட்டுப் பிரதிகள். நகலெடுத்தே பிழைக்கும் நான், நகலெடுத்துக்கொள் என்று உரிமத்திலேயே எழுதிக் கொடுத்ததை அழித்துவிட்டு, எடுக்கக் கூடாததை நகலெடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

பணத்தைவிடப் பெரிய விஷயம் நம் எழுத்து நம் கையில் இருக்கிறதா என்பது. சென்ற மாதம் ஒருவர், 2009-இல் என்னிடம் தட்டச்சு செய்த கிரயப் பத்திர வரைவைக் கேட்டு வந்தார். கோப்பு பத்திரமாக இருந்தது; லினக்ஸோடு வரும் லிப்ரே ஆபிஸ் என்னும் அலுவலக மென்பொருளில் திறந்தால் திரை முழுக்க ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கிடந்தன. லினக்ஸ்தான் கெடுத்துவிட்டது என்று அவர் சொன்னார், ஆனால் பழி வேறிடத்தில் இருந்தது. அக்காலத்து எழுத்துருக்கள் பல ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தை உட்கார வைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில், அது விண்டோஸே ஆனாலும், தமிழ் காணாமல் போய்விடும். ஓபன் தமிழ் என்னும், பைத்தான் நிரல்மொழியில் எழுதிய கட்டற்ற நிரல்தொகுப்பைக் கொண்டு, ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனிக் குறியெண் தரும் யூனிகோடுக்கு அதை மாற்றினேன். கொம்பு இடம் மாறிய சில சொற்களையும், அளவுகளில் வந்த பின்னக் குறிகளையும் மட்டும் கையால் திருத்த ஒரு மாலைப்பொழுது ஆனது. இப்போது எல்லாவற்றையும் தமிழ்99 விசைப்பலகையில் யூனிகோடிலேயே அடிக்கிறேன்.

லினக்ஸில் எல்லாமே தானாக நடக்கும் என்று சொல்லும் நண்பர்கள்தாம் அதற்கு அதிகக் கெடுதல் செய்கிறார்கள். என் பழைய லேசர் பிரின்டருக்கு டிரைவர் தேடி இரண்டு இரவுகள் வீணாயின. மூன்றாம் நாள் தோல்வியை ஒப்புக்கொண்டேன். அந்தப் பிரின்டருக்காகவும், சில இணையதளங்கள் கேட்கும் டிஜிட்டல் கையொப்ப டோக்கனுக்காகவும் மூலையில் ஒரு விண்டோஸ் கணினி இன்னும் இருக்கிறது. புதிதாக வாங்குவோர் லினக்ஸ் ஆதரவு உள்ள பிரின்டரா என்று கேட்டு வாங்குவது நல்லது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

போன வாரம் அரூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி தன் அக்காவின் பழைய அரசு மடிக்கணினியைக் கொண்டுவந்து, எதையாவது போட்டு ஓட வைக்கச் சொன்னார். 2 ஜி.பி. நினைவகம்தான், பிரவுசரில் நான்கு பக்கங்கள் திறந்தால் திணறும் என்று முன்கூட்டியே சொல்லி, மின்ட்டின் இலகுவான எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பை நிறுவ ஒப்புக்கொண்டேன். இயக்கியதும் அதே கறுப்புத் திரை வந்தது. யார் கையும் படாமல் பாஸ் உள்ளேயே இருந்தது. இந்த முறை அழிப்பதற்கு முன் திறந்தேன். மொழியைத் தமிழுக்கு மாற்றியதும் பட்டியல்கள் தமிழில் வந்தன. "இது இத்தனை நாளா இதுக்குள்ளதான் இருந்துச்சாண்ணா?" என்று அந்தப் பெண் கேட்டார்.