மனைவி இறந்தபோது பாடியவர்

இரண்டு வருடத்துக்கு முன்பு அம்மா போன பத்தாம் நாள், துக்கம் விசாரிக்க வந்த ஒருவர் எனக்கு ஒரு கதை சொன்னார். சீனாவில் சுவாங்ட்சு என்று ஒரு ஞானி இருந்தாராம். மனைவி செத்துக் கிடக்கும்போது காலை நீட்டி உட்கார்ந்து, பாத்திரத்தைக் கவிழ்த்துத் தாளம் போட்டுப் பாடினாராம். "ஞானம்னா அப்படி இருக்கணும். நீங்க இன்னும் அழுதுட்டே இருக்கீங்க" என்றார். அன்றைக்குப் பதில் சொல்லத் தெம்பில்லை. அப்புறம் தேடிப் படித்தேன். அவர் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறார்.

சுவாங்ட்சு கி.மு. 4ஆம் நூற்றாண்டுக்காரர். சோங் நாட்டில் மெங் என்பது ஊர். சீன நாடுகள் ஒன்றையொன்று விழுங்கப் போரிட்டுக்கொண்டிருந்த காலம். அரக்குத் தோட்டம் என்று பெயர் கொண்ட இடத்தில் சின்ன உத்தியோகம் பார்த்தார் என்று வரலாற்றாசிரியர் சீமா சியன் எழுதியிருக்கிறார். சுவாங்ட்சு பெயரிலேயே உள்ள நூலைத் திறந்தால் ஒரு ஏழைதான் தெரிகிறார். ஒட்டுப்போட்ட துணியோடு அரசனைப் பார்க்கப் போகிறார். ஒருமுறை தானியம் கடன் கேட்கிறார். வரி வசூலானதும் 300 பொன் தருகிறேன் என்கிறான் பிரபு. இவருக்குக் கோபம் வருகிறது, ஒரு கதை சொல்கிறார். வண்டித்தடத்துப் பள்ளத்தில் கிடந்து துடித்த ஒரு மீன், இவரிடம் ஒரு குவளைத் தண்ணீர் கேட்டதாம். ஆற்றையே திருப்பிவிடுகிறேன் என்று இவர் சொன்னதும், "அதுவரைக்கும் என்றால் என்னைக் கருவாட்டுக் கடையில் வந்து தேடு" என்றதாம். பசித்தவனுக்குத்தான் இப்படி ஒரு கதை வரும்.

இந்த நிலையிலும் சூ நாட்டு அரசன் கூப்பிட்டனுப்பிய பெரிய பதவியை வேண்டாம் என்றார். செத்து 3000 வருடமாகக் கோயிலில் பட்டுத்துணி சுற்றி வைத்திருக்கும் ஆமையாக இருப்பதைவிட, சேற்றில் வாலை இழுத்துக்கொண்டு உயிரோடு திரிவது மேல் என்று சொல்லிவிட்டு மீன்பிடிக்கத் திரும்பிவிட்டார்.

சரி, அந்தப் பாட்டுக்கு வருகிறேன். பாடியதைப் பார்த்து நண்பர் ஹுய் ஷி கடிந்துகொள்கிறார்: உன்னோடு வாழ்ந்தவள், பிள்ளைகளை வளர்த்தவள், அழாமல் இருந்தாலே போதாதா, பாட்டு வேறா? அதற்கு அவர் சொன்ன முதல் பதில்தான் என்னிடம் மறைக்கப்பட்டது. அவள் இறந்த நேரத்தில் எனக்கு மட்டும் துக்கம் இல்லாமல் போகுமா என்கிறார். அதற்குப் பிறகுதான் யோசிக்கிறார். பிறப்பதற்கு முன் அவளுக்கு உயிரில்லை, உருவமில்லை, மூச்சுமில்லை. ஏதோ மாற்றத்தில் மூச்சு வந்தது, உருவம் வந்தது, உயிர் வந்தது. பருவங்கள் மாறுவது போல இன்று இன்னொரு மாற்றம். வானத்துக்கும் பூமிக்கும் நடுவே உள்ள பெரிய அறையில் அவள் தூங்குகிறாள், நான் கதறிக்கொண்டிருக்க வேண்டாம் என்று நிறுத்தினேன் என்கிறார்.

நிறுத்தினேன் என்றால், அதற்கு முன் அழுதிருக்கிறார். இதை விட்டுவிட்டு அவரைக் கல் மனசுக்காரராக்கித் துக்க வீடுகளில் நீட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை.

நூலின் 33 அத்தியாயங்களில் முதல் ஏழுதான் பெரும்பாலும் அவர் எழுதியவை, மற்றவை சீடர்களும் பின்னால் வந்தவர்களும் சேர்த்தவை என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். இந்தக் கதை அந்தப் பிற்பகுதியில்தான் வருகிறது. இருக்கட்டும். அவர் வழி வந்தவர்களே அவரை அழுத மனிதராகத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள்.

அதே பிற்பகுதியில் ஹுய் ஷியின் சமாதியும் வருகிறது. ஆயுள் முழுக்க அவரோடு வாதாடியவர் ஹுய் ஷி. ஆற்றுப் பாலத்தில் நின்று, மீன்களின் சந்தோஷம் மீனல்லாத உனக்கு எப்படித் தெரியும் என்று மடக்கியவர். அந்தச் சமாதியைக் கடக்கும்போது சுவாங்ட்சு, கூட வந்தவர்களிடம் ஒரு தச்சனைப் பற்றிச் சொல்கிறார். ஒருவன் மூக்கு நுனியில் ஈயின் சிறகளவு சுண்ணாம்பு. தச்சன் காற்று வீசக் கோடாலியைச் சுழற்றி, மூக்கில் கீறல் படாமல் அதை எடுத்துவிடுவான். அவனும் அசையாமல் நிற்பான். இதைக் கேள்விப்பட்ட அரசன், எனக்கும் செய்து காட்டு என்கிறான். முன்பு முடிந்தது, இப்போது எதிரே நிற்க அவன் இல்லை, செத்து வெகுநாளாகிறது என்கிறான் தச்சன்.

கதையை முடித்துவிட்டு சுவாங்ட்சு, ஹுய் ஷி போனபின் தனக்கும் பேச ஆளில்லை என்கிறார். அந்த இடத்தில் அவர் பாடவில்லை.