எங்கம்மா கையெழுத்து உங்க மேடைக்கு டிசைனா?

ஒரு சுகர் ஆப் விழா மேடையில எங்கம்மா கையெழுத்தைக் கேக்காம காட்டிட்டாங்கன்னு முந்தாநாள் போட்ட ஸ்க்ரீன்ஷாட்டுக்கு இன்பாக்ஸ்ல வந்த உபதேசம் எல்லாத்தையும் படிச்சுட்டுத்தான் எழுதுறேன்.

அந்த சுகர் ஆப் வெளியீட்டு விழாவுல பின்னாடி ஸ்க்ரீன்ல பெருசா தெரிஞ்சுதே, காலண்டர் தாள்ல நீல பேனா கிறுக்கல், அது எங்கம்மா எழுதினது. கையில சுகர் அளவை விடாம பாக்குற சென்சார் ஒட்டிவிட்டு "14 நாள் உங்க அனுபவத்த நீங்களே எழுதுங்கம்மா, அத வெச்சுத்தான் ஆப்பே பண்ணப்போறோம்"னு பளபளன்னு ஒரு நோட்டு குடுத்தாங்க. அம்மா நோட்டை பீரோவுல பத்திரமா வெச்சுட்டு, எப்பவும் போல தினசரி காலண்டர்ல ராசிபலன் பக்கத்து இடுக்குல எழுதி காலையில கிழிச்சு வெச்சாங்க. ஸ்க்ரீன்ல இருந்தது இது: "ஒரு வேளைதான். ஊசி பாதி போட்டேன். ராத்திரி 3 மணி வேர்த்து கொட்டிச்சு, 58. சர்க்கரை ரெண்டு ஸ்பூன். போன் கத்தினது கேக்கல."

சரி, இப்ப ஆப்பைத் திறங்க. காலை, மதியம், இரவு, மூணே கட்டம். ராத்திரி 3 மணிக்கு இடமே இல்ல. விரதம்னு ஒரு வேளை விட்டா சிவப்புல "உணவைப் பதிவு செய்ய மறந்துவிட்டீர்கள்"னு வருது. சுகர் இறங்கினா போன்ல அடிக்குற அலாரம் அதே டிங். எழுதச் சொன்னீங்கல்ல, படிச்சீங்களா?

"ஃப்ரீ ஆப்தானே"ங்கறாங்க. அம்மா எழுதினதும் ஃப்ரீதான் சார்.

"டாக்டருக்குத் தெரியாததா பேஷண்டுக்குத் தெரியும்"னு ஒருத்தர். 1969ல சுகர் பாக்குற மிஷினை டாக்டருக்கு மட்டும்தான் விப்போம்னாங்க, ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன்னு ஒரு இன்ஜினியர், அவரே சுகர் பேஷண்ட், டாக்டரான மனைவி பேர்ல வாங்கி ஒரு நாளைக்கு பல தடவை குத்திப் பாத்து எழுதி வெச்சுத்தான் ஊசி அளவை சரி பண்ணிக்கிட்டார், அவர் எழுதின கட்டுரைய ஜர்னல்காரங்க திருப்பி அனுப்பினதால 45 வயசுல மெடிக்கல் காலேஜ்லயே போய் சேந்தார். இன்னைக்கு வீட்டுக்கு வீடு அந்த மிஷின் இருக்கு. டேனா லூயிஸ்னு அமெரிக்காவுல ஒருத்தங்க, அவங்களும் சுகர் பேஷண்ட்தான், தூக்கத்துல சென்சார் அலாரம் கேக்கலன்னு 2013ல தானே சத்தமா கத்த வெச்சாங்க, அது வளந்து இன்சுலின் அளவை தானா மாத்துற ஓப்பன் ஏபிஎஸ்ங்கற சிஸ்டம் ஆச்சு, 2015ல எல்லாருக்கும் குடுத்துட்டாங்க. அலாரம் கேக்கல. எங்கம்மாவும் அதத்தான எழுதினாங்க?

"ஒவ்வொரு பாட்டிக்கும் ஒரு ஆப் பண்ண முடியுமா"ங்கறது கொஞ்சம் நியாயம்தான், ஒத்துக்கறேன். ஆனா விரதம் இருக்கறது எங்கம்மா ஒருத்தியா? ரம்ஜானுக்கு அந்த மூணு கட்டத்துல என்னத்த போடுவாங்க?

பேர மறைச்சுட்டாங்களே, அப்புறம் என்ன கோபம்னும் கேக்கறாங்க. சொல்றேன். அன்னைக்கு ராத்திரி பக்கத்து ரூம்லதான் நான் தூங்கிட்டு இருந்தேன். அம்மாவுக்கு சுகர் 58க்கு இறங்கி லோ ஆச்சுங்கறதே எனக்கு அந்த ஸ்க்ரீனப் பாத்துத்தான் தெரியும். எத்தனையோ பேர் டீ குடிச்சுக்கிட்டே பாத்துட்டுப் போயிருக்காங்க, யாருக்கும் அது ஒரு பொம்பள தனியா எந்திரிச்சு இருட்டுல சர்க்கரை டப்பாவ தேடினதுன்னு தோணல. எனக்கும்தான் அதுவரைக்கும் தெரியல, அது வேற விஷயம்.

வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட போட்டோவக் காட்டினேன். கண்ணாடிய மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாங்க.

"தேதிய வெட்டிட்டாங்களேடி, அன்னைக்கு சஷ்டின்னு எப்படித் தெரியும்?"